பெட்டி மீனுக்கு எவ்வளவு கடல் வேண்டும்?

தரம் 12, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி

அல்லாஹ்வின் படைப்புகள் ஒவ்வொன்றும் தான் வாழும் இடத்துக்குப் பொருத்தமான உடலோடு படைக்கப்பட்டிருக்கின்றன. ஒட்டகத்தின் பாதம் மணலுக்கு ஏற்றது. வாத்தின் பாதம் தண்ணீருக்கு ஏற்றது. இடத்தை மாற்றிவிட்டால் அதே உடலமைப்பு அந்த உயிருக்குச் சுமையாகிவிடலாம். இதை நான் பாடப்புத்தகத்தில் இசைவாக்கம் என்ற தலைப்பின் கீழ் படித்திருக்கிறேன். ஆனால், அது என் மனத்தில் தெளிவாகப் பதிந்தது ஒரு சிறிய மஞ்சள் மீனைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான். அந்த மீனின் பெயர் பெட்டி மீன்.

பெயருக்கு ஏற்ற உருவம் அதற்கு உண்டு. பக்கங்கள் தட்டையாக, மூலைகள் சற்று மழுங்கிய ஒரு சிறு பெட்டி. அந்தப் பெட்டிக்கு இரண்டு பெரிய கண்கள், முத்தமிடுவது போலக் குவிந்த ஒரு வாய், விசிறி போன்ற சிறு செட்டைகள். குஞ்சுப் பருவத்தில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளுடன் காணப்படும். தாயக்கட்டை ஒன்று உயிர் பெற்று நீந்துவது போலத் தோன்றும். இதன் விஞ்ஞானப் பெயர் ஒஸ்ட்ராசியன் கியூபிக்கம். செங்கடல், கிழக்காபிரிக்கக் கரை முதல் பசிபிக் தீவுகள் வரையுள்ள பவளப் பாறைகளில் இது வாழ்கிறது. எமது இலங்கைக் கடலிலும் உண்டு. இதன் உறவினமான மாட்டு மீனுக்குக் கண்களுக்கு மேலே முன்னோக்கி நீண்ட இரண்டு கொம்புகளும், உடலின் பின்புறத்தில் இரண்டு கொம்புகளும் இருக்கும்.

இத்தகைய அழகான மீனை வீட்டுத் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுவது இயல்பே. ஆனால், அந்த ஆசைக்கு முன் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றைச் சக மாணவிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலே ஒரு கவசம்

சாதாரண மீன்களின் உடலில் செதில்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். அதனால் அவை உடலை வளைத்து வாலை வீசி நீந்துகின்றன. பெட்டி மீனிலோ செதில்கள் தடித்து, பெரும்பாலும் அறுகோண வடிவத் தகடுகளாகி, ஒன்றோடொன்று பொருந்தி விறைப்பான ஒரு கூடாக மாறியிருக்கின்றன. தேன்கூட்டின் அறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாய், கண், பூ, செட்டை, வால் ஆகியவற்றுக்கு மட்டுமே அந்தக் கூட்டில் வழி விடப்பட்டிருக்கிறது.

கூடு வளையாது என்பதால் பெட்டி மீன் மற்ற மீன்களைப் போல உடலை நெளித்து நீந்த முடியாது. முதுகுச் செட்டை, குதச் செட்டை, பக்கச் செட்டைகள் ஆகியவற்றைப் படபடவென அசைத்தே நகர்கிறது. வேகமாகத் தப்பியோட வேண்டிய வேளையில்தான் வாலைப் பலமாகப் பயன்படுத்துகிறது. வேகம் குறைவாக இருந்தாலும், பவளப் பாறையின் இடுக்குகளுக்குள் நின்ற இடத்திலேயே திரும்புவதில் இது மிகவும் கெட்டிக்கார மீன்.

இதன் உருவம் பொறியியலாளர்களையும் கவர்ந்தது. 2005ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் பெட்டி மீனின் வடிவத்தைப் பின்பற்றி ஒரு மாதிரிக் காரை வெளியிட்டது. அதன் காற்றுத் தடைக் குணகம் 0.19 மாத்திரமே. இந்த மீனின் கூடு தண்ணீரில் தன்னைத்தானே நிலைப்படுத்திக்கொள்ளும் என்றும் அப்போது நம்பப்பட்டது. ஆனால், 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. கூட்டைச் சுற்றி ஓடும் நீர் மீனை நிலைப்படுத்துவதில்லை. மாறாக, அது விரைவாகத் திரும்புவதற்கே உதவுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. காருக்கு நேராக ஓடுவது தேவை. பெட்டி மீனுக்குத் திரும்புவது தேவை. ஓர் உயிரின் உடலை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அது வாழும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

சவர்க்காரம் போன்ற ஒரு நஞ்சு

கவசம் மட்டும் போதாதென்று பெட்டி மீனுக்கு இன்னுமொரு பாதுகாப்பும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அச்சமுற்றாலோ காயப்பட்டாலோ அதன் தோலிலிருந்து நஞ்சு கலந்த சளி வெளியேறும். 1964ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் வாழும் பெட்டி மீன் ஒன்றில் இந்த நஞ்சு விவரிக்கப்பட்டு, ஒஸ்ட்ராசிற்றொக்சின் எனப் பெயரிடப்பட்டது. 1967இல் அதன் இரசாயன அமைப்பு அறியப்பட்டபோது, பெட்டி மீனைக் குறிக்கும் ஹவாய் மொழிச் சொல்லான ‘பாஹு’ என்பதிலிருந்து பாஹுற்றொக்சின் என்ற பெயரும் வந்தது.

பேத்தை மீனின் நஞ்சைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அது உடலுக்குள் இருக்கும், உண்டவரைக் கொல்லும். பெட்டி மீனின் நஞ்சு அப்படிப்பட்டதல்ல. அது உடலுக்கு வெளியே தண்ணீரில் கலக்கிறது. அதன் மூலக்கூறில் ஒரு பக்கம் நீண்ட கொழுப்பமிலச் சங்கிலி. மறுபக்கம் ஏற்றமுள்ள கோலீன் பகுதி. அதாவது, ஒரு முனை கொழுப்போடு சேரும், மறு முனை தண்ணீரோடு சேரும். நாம் கை கழுவும் சவர்க்காரத்தின் இயல்பும் இதுவே. கல மென்சவ்வு பொசுபோலிப்பிட்டுகளால் ஆனது என்பதை உயிரியல் மாணவிகள் அறிவீர்கள். சவர்க்காரம் போன்ற இந்தப் பதார்த்தம் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடியது. தண்ணீரோடு நேரடியாகத் தொடர்புபட்டிருக்கும் மீன்களின் பூக்களே இதனால் முதலில் தாக்கப்படுகின்றன.

இங்கேதான் முக்கியமான விடயம் இருக்கிறது. கடலில் இந்த நஞ்சு ஓர் எச்சரிக்கை. கடிக்க வந்த பெரிய மீன் அதை உணர்ந்து விலகிப் போகும். அலையும் நீரோட்டமும் நஞ்சைச் சில நொடிகளில் கலைத்துவிடும். பெட்டி மீனும் வேறோர் இடுக்குக்குச் சென்றுவிடும். யாருக்கும் பெரிய சேதமில்லை. ஆனால், கண்ணாடித் தொட்டியில் நீரோட்டம் எங்கே போகும்? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வரும். தொட்டியிலுள்ள மற்ற மீன்கள் சிறிது நேரத்திலேயே இறக்கலாம். நஞ்சின் செறிவு கூடினால் அதை வெளியிட்ட பெட்டி மீனும் தப்ப முடியாது. கடலில் உயிரைக் காத்த அதே கேடயம் தொட்டியில் உயிரைப் பறிக்கும் வாளாகிவிடுகிறது.

ஒரு வீட்டுக் கணக்கு

தரம் 6இல் படிக்கும் என் தம்பி, கொழும்பில் ஒரு மீன் கடையில் பெருவிரல் நகமளவு பெட்டி மீன் குஞ்சைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதமாக அதையே கேட்டுக்கொண்டிருந்தான். வாப்பா அவனிடம் முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை. “மகள், நீங்கதானே உயிரியல் படிக்கிறீங்க. என்ன வேணும், எவ்வளவு வேணும் எண்டு ஒரு கணக்குப் போட்டுத் தாங்க. அதைப் பார்த்து முடிவெடுப்போம்” என்று பொறுப்பை என்னிடம் தந்தார். நான் படித்தவற்றைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதிய கணக்கு இதுதான்.

மீனின் பருமன்: கடையிலுள்ள குஞ்சு 2 முதல் 3 சென்ரிமீற்றர். கடலில் முழுமையாக வளர்ந்த மஞ்சள் பெட்டி மீன் 45 சென்ரிமீற்றர் வரை வளரும். வளரும்போது அந்தப் பளிச்சென்ற மஞ்சள் மங்கி, நீலமும் சாம்பலும் கலந்த நிறமாகிவிடும்.

சாதாரண தொட்டி: எங்கள் வீட்டு வரவேற்பறையில் வைக்கக்கூடியது 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரமுள்ள தொட்டி. அதன் கனவளவு 9 கன அடி. ஒரு கன அடியில் ஏறத்தாழ 28.3 லீற்றர் என்றால், மொத்தம் 255 லீற்றர். 1.5 அடி என்பது 45 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். அதாவது, வளர்ந்த பெட்டி மீனின் நீளமும் தொட்டியின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. வளையாத உடம்போடு அது எப்படித் திரும்பும்?

தேவையான தொட்டி: 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று எடுத்தால் 24 கன அடி, அதாவது ஏறத்தாழ 680 லீற்றர். தண்ணீரின் நிறை மாத்திரம் 680 கிலோகிராமுக்கு மேல். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு பாரம் என்பதை மாடி வீடுகளில் இருப்போர் சிந்திக்க வேண்டும்.

உப்பு: கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 680 லீற்றருக்கு 23.8 கிலோகிராம் வேண்டும். இது சமையல் உப்பல்ல. மீன்தொட்டிக்கென்றே தயாரிக்கப்படும் உப்புக் கலவை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால், ஒவ்வொரு முறையும் 68 லீற்றர் தண்ணீரும் கிட்டத்தட்ட 2.4 கிலோகிராம் உப்பும் தேவை.

இந்தக் கணக்கைத் தம்பிக்குப் புரியும்படி சொல்ல ஒரு வழி தேடினேன். ஒரு மீற்றர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள ஒரு பெட்டியைக் கடலுக்குள் கற்பனை செய்யச் சொன்னேன். அந்த ஒரு பெட்டியிலேயே 1000 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. எங்கள் வரவேற்பறைத் தொட்டியோ அதில் கால் பங்குதான். பெட்டி மீன் ஒரு நாளில் அப்படி எத்தனை பெட்டிகளைக் கடந்து போகும் என்று அவனே எண்ணிப் பார்த்தான். பிறகு மெதுவாக, “அப்ப அதுக்கு எங்கட வீடு காணாதே, ராத்தா” என்றான்.

வாப்பா கொப்பியை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். “கரண்ட் போனா என்ன செய்யிற?” என்பது மட்டுமே அவருடைய கேள்வி. பெட்டி மீனை வாங்குவதில்லை என்று மூவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். தம்பியின் முகம் வாடியது உண்மைதான். ஆனாலும், காரணம் தெரிந்தபின் அவன் மீண்டும் கேட்கவில்லை.

மீனுக்கு முன் தண்ணீரை வளர்க்க வேண்டும்

இடமும் வசதியும் உள்ள வீடுகளில் பெட்டி மீனைப் பல ஆண்டுகள் நன்றாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் வளர்ப்பது மீனையல்ல, தண்ணீரைத்தான்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இது ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. நைதரசன் வட்டம் என்று நாம் வரைபடம் வரைந்து பெயரிடும் அதே செயற்பாடு தொட்டியின் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் நடைபெற வேண்டும். இந்தப் பற்றீரியாக்கள் போதுமான அளவு பெருகுவதற்கு வழமையாக 4 முதல் 6 கிழமைகள் எடுக்கும். அதுவரை தொட்டியில் மீனை விடக்கூடாது. காலையில் தொட்டியும் மாலையில் மீனும் வாங்குவதே பல கடல் மீன்கள் ஒரு கிழமைக்குள் இறந்துபோகக் காரணமாகிறது.

வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசு, பீ.எச். பெறுமானம் 8.1 முதல் 8.4, நீரமானியால் அளக்கும்போது சாரடர்த்தி 1.023 முதல் 1.025 என்பன பேணப்பட வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத நன்னீரால் நிரப்ப வேண்டும். பௌதிகவியல் பாடம் படித்தவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும்.

உணவும் அயலவரும்

கடலில் பெட்டி மீன் அல்காக்கள், சிறு புழுக்கள், சிறு நத்தைகள், இறால் இனத்துச் சிற்றுயிர்கள், கடற்பஞ்சுகள் எனப் பலவற்றையும் கொறித்துத் திரியும். மணலை நோக்கி வாயால் தண்ணீரை ஊதி, மறைந்திருக்கும் இரையை வெளிப்படுத்தி உண்ணும். தொட்டியில் இதற்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை சிறு அளவில், பல வகையான உணவு கொடுக்க வேண்டும். உறைய வைத்த சிறு இறால்களும் கடற்பாசியும் ஏற்றவை.

இது மெதுவாக உண்ணும் மீன். வேகமான மீன்களோடு போட்டால் அவை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பெட்டி மீன் எமது கண் முன்னாலேயே பட்டினி கிடக்கும். கொத்தித் துன்புறுத்தும் மீன்களோடு வைத்தால் அச்சத்தில் நஞ்சை வெளியிடும் ஆபத்து உண்டு. தொட்டியின் கண்ணாடியைத் தட்டுவதும் இதே காரணத்தால் தவிர்க்கப்பட வேண்டும். வீட்டுக்கு வரும் சிறு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது. இடம் மாற்றும்போது வலையால் அள்ளாமல், தண்ணீரோடு சேர்த்து ஒரு பாத்திரத்தில் எடுக்க வேண்டும். மாட்டு மீனின் கொம்புகள் வலையில் சிக்கினால் அது படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

நஞ்சு கலந்துவிட்டதாகச் சந்தேகித்தால் மற்ற மீன்களை உடனே வேறு தண்ணீருக்கு மாற்றி, தொட்டி நீரின் பெரும்பகுதியை அகற்றிப் புதிய கடல்நீரை விட வேண்டும். வடிகட்டியில் ஏவப்பட்ட காபன் வைத்தால் கரைந்துள்ள சேதனப் பதார்த்தங்களை அது தன் மேற்பரப்பில் பிடித்துக்கொள்ளும். எமது நாட்டுச் சிரட்டைக் கரியிலிருந்து செய்யப்படும் இந்தக் காபன் உலகின் பல நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது என்பது நாம் பெருமைப்படக்கூடிய தகவல்.

வாப்பாவின் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். பம்பி நின்றால் தண்ணீரின் அசைவு நிற்கும். ஒட்சிசன் கரைவது குறையும். வடிகட்டியிலுள்ள பற்றீரியாக்களும் மூச்சுத் திணறும். 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே, மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பியாவது இல்லாத வீட்டில் கடல் மீன் வளர்ப்பது பாதுகாப்பானதல்ல.

கடைக்கு வரும் முன்

நன்னீர்த் தொட்டிகளில் நாம் காணும் கப்பி போன்ற மீன்கள் குளங்களிலும் தொட்டிகளிலும் இனப்பெருக்கம் செய்யப்படுபவை. பெட்டி மீன் அப்படியல்ல. அந்தி நேரத்தில் திறந்த நீருக்கு எழுந்து முட்டையிடும் மீன் இது. முட்டைகள் நீரோட்டத்தோடு மிதந்து செல்லும். இதை வீட்டுத் தொட்டியில் நிகழ்த்துவது எளிதல்ல. எனவே கடையில் காணும் பெட்டி மீன்கள் அநேகமாகக் கடலிலிருந்து பிடிக்கப்பட்டவையே.

இலங்கையில் அலங்காரக் கடல் மீன்களைச் சுழியோடிகள் பவளப் பாறைகளுக்குள் இறங்கிப் பிடிக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும்போது கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பதால் தொழில் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் நகர்கிறது. இது பல குடும்பங்களின் ஜீவனோபாயம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் கடல் வளங்களை எடுப்பதை ஒழுங்குபடுத்துகிறது. 1998இல் கடல் நீர் வெப்பமாகி ஹிக்கடுவைப் பவளங்களில் பெரும்பகுதி வெளிறி அழிந்ததையும் நாம் அறிவோம். பாறை குறையும்போது, அதிலிருந்து எடுக்கப்பட்டு வீணே இறக்கும் ஒவ்வொரு மீனின் பெறுமதியும் கூடுகிறது. சுழியோடியின் உழைப்பும் அந்த மீனோடு சேர்ந்தே வீணாகிறது.

வளர்ப்பதும் ஓர் அமானிதம்

செல்லப் பிராணி வளர்ப்பதை எமது மார்க்கம் தடுக்கவில்லை. அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவை வைத்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றி அவரிடம் அன்போடு விசாரித்தார்கள் என்ற ஹதீஸ் பிரபலமானது. பறவை வளர்ப்பது ஆகும் என்பதற்கு உலமாக்கள் இதை ஆதாரமாகக் காட்டுவர். மறுபுறம், ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகத் தண்டிக்கப்பட்டாள் என்ற ஹதீஸும் உண்டு.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. அடைத்து வைக்கும் கணத்திலிருந்து அந்த உயிரின் உணவு மட்டுமல்ல, அதன் நீரும் காற்றும் நிம்மதியும் எமது பொறுப்பாகின்றன. பூனைக்கு வாசலைத் திறந்துவிட்டால் அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். பெட்டி மீனுக்குத் திறக்க வாசலே இல்லை. அதற்குக் கடல் செய்துகொண்டிருந்த அத்தனை வேலைகளையும் வளர்ப்பவரே செய்தாக வேண்டும்.

எனவே, கடல் மீன் வாங்க விரும்பும் சகோதரிகளும் பெற்றோரும் கடைக்குள் நுழையும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மீன் எவ்வளவு பெரிதாகும்? தொட்டி தயாராகி ஆறு கிழமை ஆகிவிட்டதா? மின்சாரம் போனால் என்ன செய்வோம்? பரீட்சைக் காலத்தில் தண்ணீரை மாற்றப் போவது யார்? கடையிலிருக்கும்போதே அது உணவு உண்கிறதா, வயிறு உள்வாங்காமல் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்காவது விடை இல்லையென்றால், இரண்டு கப்பி மீன்களோடு ஒரு நன்னீர்த் தொட்டியில் தொடங்குவதே சிறந்தது. நைதரசன் வட்டம் அந்தத் தொட்டியிலும் நடைபெறும். தண்ணீரை அளந்து குறித்து வைக்கும் பழக்கமும் அங்கேயே வந்துவிடும். பவளப் பாறையிலுள்ள பெட்டி மீனோ தன் கவசத்தோடும் நஞ்சோடும் தனக்குரிய தண்ணீரில் நிம்மதியாக நீந்திக்கொண்டிருக்கும்.